போலிஷ்காரர் பேசும் அன்றாட ஆங்கிலம்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழின் கேள்விகள் எல்லாமே போலந்தோடு தொடர்புள்ளவர்களிடமிருந்து வந்தவை. அங்கே வேலை பார்ப்பவர்கள், படிப்பவர்கள், சம்பந்தம் செய்துகொண்டவர்கள் என நம் வாசகர்கள் பலர், தங்களைச் சுற்றியுள்ள போலிஷ்காரர்களின் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். போலிஷ், ஆங்கிலச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழுவில் இருக்கும் போலிஷ் நண்பர் நன்றாகப் படித்தவர். வாடிக்கையாளருக்கு, “திங்கட்கிழமை தருகிறோம், ஈவென்சுவலி செவ்வாய்” என்கிற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். அந்தப் பக்கம் ஒரே குழப்பம். எதற்கெடுத்தாலும் ‘ஆக்சுவலி’ வேறு போடுகிறார். எங்கே கோளாறு?
*மென்பொருள் துறை வாசகர், விரோத்ஸ்வாஃப்*

பதில்: அவர் எழுதியது ஆங்கிலச் சொல், நினைத்தது போலிஷ் பொருள். போலிஷில் ‘எவெந்துவால்னியே’ என்றால் ‘முடியாவிட்டால்’, ‘தேவைப்பட்டால்’. திங்கள் தருகிறோம், முடியாவிட்டால் செவ்வாய் என்பதுதான் அவர் கணக்கு. ஆங்கிலத்தில் ‘ஈவென்சுவலி’ என்றால் இழுபறிக்குப் பிறகு ஒருவழியாக என்று அர்த்தம். ‘அக்துவால்னியே’வும் அப்படியே: போலிஷில் ‘தற்போது’, ஆங்கில ‘ஆக்சுவலி’யோ ‘உண்மையில்’. “ஆக்சுவலி நான் கிராக்கோவில் வேலை செய்கிறேன்” என்று அவர் சொன்னால், கேட்பவருக்கு ‘நாம் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம், திருத்துகிறார்’ என்று தோன்றும். முதலாவதற்கு ‘ஆர் பாசிப்லி’, இரண்டாவதற்கு ‘கரண்ட்லி’ அல்லது ‘அட் த மோமென்ட்’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

காரணம் எளிது. லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் இரண்டு மொழிகளும் ஒரே சொல்லைக் கடன் வாங்கி, அவரவர் வழியில் பொருளை மாற்றிக்கொண்டன. கடினமான சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவார்கள். தெரிந்த முகமாக இருக்கும் சொல்லை யாரும் புரட்டுவதில்லை. போலிஷ்காரர் ஆங்கிலத்தில் சறுக்குவது பெரும்பாலும் இந்தத் தெரிந்த முகங்களில்தான்.

அலுவலகத்தில் ‘ஷெஃப்’ என்றால் போலிஷில் மேலதிகாரி. “என் ஷெஃப் கோபமாக இருக்கிறார்” என்றால் சமையல்காரரை நினைக்க வேண்டாம். ‘பென்ஸ்யா’ மாதச் சம்பளம். அதனால் இருபத்தைந்து வயதுப் பையன் பத்தாம் தேதி பென்ஷன் வரும் என்பான். ‘கொலேகா’ கூடப் படித்தவன், கூடத் திரிந்தவன் எல்லாரையும் குறிக்கும். “எல்கேஜியில் என் கலீக்” என்பதன் மூலம் அதுதான். மருந்துக்கடையில் ‘ரெட்செப்தா’ என்பது டாக்டர் எழுதித் தரும் சீட்டு. அதை ‘ரிசீட்’ என்று கேட்டால் பில்லைத்தான் நீட்டுவார்கள். பில்லுக்குப் போலிஷில் ‘பராகோன்’. குளியலறையில் ‘பாஸ்தா’ என்பது பல் துலக்கும் பேஸ்ட். சாப்பிடுகிற பாஸ்தாவுக்கு அங்கே ‘மகரோன்’. ‘த்ரெஸ்’ என்றால் விளையாட்டு வீரர்கள் போடும் டிராக் சூட், கவுன் அல்ல. ‘கரவான்’ பிண ஊர்தி. ஆங்கிலேயர் விடுமுறைக்குக் ‘கேரவன்’ எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போகிறேன் என்றால் போலிஷ்காரர் ஒரு நொடி திகைப்பார். ஜாம் பாட்டிலில் ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்று பார்த்துச் சிரித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். போலிஷில் ‘ப்ரெஸெர்வதிவா’ என்றால் ஆணுறை.

இவற்றை வெறும் சொல்ஜோடிகளாக மனப்பாடம் செய்வது பலன் தராது. அவசரத்தில் பழைய பொருள்தான் முந்திக்கொள்ளும். ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்து எழுத வேண்டும். இடப்பக்கம் அவர் வழக்கமாகச் சொல்லும் போலிஷ் வாக்கியம், வலப்பக்கம் அதற்குச் சரியான ஆங்கிலம். அதன் கீழே, அந்த ஏமாற்றுச் சொல் ஆங்கிலத்தில் சரியாக வரும் வேறொரு வாக்கியம். இந்த மூன்றாவது வரியை எழுதாதவர்கள், ‘ஆக்சுவலி’யே ஆபத்து என்று பயந்து அதை எங்கேயும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் மருமகள் போலந்துப் பெண். தங்கமான குணம். ஆனால் நான் என்ன சொன்னாலும் “நோ, நோ” என்கிறாள். காபியைக் கையில் கொடுக்கும்போது “ப்ளீஸ்” என்கிறாள். நான்தானே ப்ளீஸ் சொல்ல வேண்டும்?
*கோயம்புத்தூர் வாசகி*

பதில்: அம்மா, உங்கள் மருமகள் நீங்கள் சொல்வதையெல்லாம் ஆமோதித்துக்கொண்டுதான் இருக்கிறார். பேச்சுப் போலிஷில் ‘நோ’ என்பது நம் ‘ம்ம்’, ‘ஆமா’ போல. மறுப்புக்கு அங்கே ‘நியே’. ஆங்கிலம் பேசும்போதும் அந்த ‘நோ’ தன்னையறியாமல் வந்து விழும். பல வருடம் இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கே போவதில்லை. தொலைபேசியில் இதனால் நிஜமாகவே வம்பு வரும்: முன்பதிவை உறுதிசெய்யக் கேட்பவரிடம் “நோ, நோ” என்றால் ரத்து செய்துவிடுவார்கள். ‘ம்ம்’ அல்லது ‘ரைட்’ என்று பழக்கிக்கொள்ளச் சொல்லலாம்.

‘ப்ரோஷே’ என்ற ஒரே சொல் போலிஷில் ஐந்து வேலை செய்கிறது: தயவுசெய்து, இந்தாருங்கள், நன்றிக்குப் பதிலாக ‘பரவாயில்லை’, கதவு தட்டினால் ‘வாருங்கள்’, காதில் விழாவிட்டால் ‘என்ன சொன்னீர்கள்?’. பள்ளியில் இதற்கு ‘ப்ளீஸ்’ என்ற ஒன்றைத்தான் முதலில் கற்பார்கள், ஐந்து இடத்திலும் அதையே போடுவார்கள். காபி நீட்டும்போது ‘ஹியர் யூ ஆர்’, நன்றிக்கு ‘யூ ஆர் வெல்கம்’, கதவுக்கு ‘கம் இன்’, காதில் விழாததற்கு ‘சாரி?’. மூன்று நாள் காபி கொடுக்கும்போது சொல்லிப் பார்த்தால் முதலாவது ஒட்டிக்கொள்ளும்.

அவர் தும்மினால் நீங்கள் ‘நா ஸ்த்ரோவியே’ சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார். மதுக்கோப்பையைத் தூக்கும்போதும் அங்கே அதேதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் தும்மலுக்கு ‘ப்ளெஸ் யூ’, கோப்பைக்கு ‘சியர்ஸ்’ என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் வீட்டு உரிமையாளர் அம்மாவுக்கு அறுபது வயது. பள்ளியில் ரஷ்யன்தான் படித்தாராம். மகளோடு இருக்க இங்கிலாந்து போகிறார். தினமும் முப்பது சொல் எழுதிப் படிக்கிறார், ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகிறது என்று புலம்புகிறார். எங்கிருந்து தொடங்கச் சொல்வது?
*ஆராய்ச்சி மாணவி, போஸ்னான்*

பதில்: அந்தத் தலைமுறைக்கு அது பொதுவான நிலைமை. 1989 வரை போலந்துப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ரஷ்யன் கட்டாயம். ஆங்கிலம் கிடைத்தவர்கள் குறைவு. 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டன் உடனே வேலைக்குக் கதவைத் திறந்தது. பிள்ளைகள் போனார்கள், இப்போது பெற்றோர் பின்னால் போகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலிஷை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6 லட்சத்து 12 ஆயிரம் பேர். ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். ஆகவே அந்த அம்மாவுக்குக் கடையில், தெருவில் போலிஷ் காதில் விழும். இது வசதியும்தான், ஆங்கிலம் வளராமல் போவதற்குக் காரணமும்தான்.

முப்பது சொல் அதிகம். பத்து போதும், அதுவும் தனிச்சொல்லாக வேண்டாம். மறதிக்குக் காரணம் வயதல்ல, திருப்பிப் பார்க்கும் இடைவெளி. இதில் அவர் ஊருக்கே ஒரு பங்கு உண்டு: போஸ்னானில் மாணவராக இருந்த பியோத்தர் வோஸ்னியாக், ஆங்கிலச் சொற்களும் உயிரியலும் மறக்காமல் இருக்க வழி தேடி, 1985இல் காகிதத்தில் சோதனை தொடங்கி, 1987இல் சூப்பர்மெமோ என்ற கணினி நிரலை எழுதினார். அவருடைய எஸ்எம்-2 என்ற இடைவெளிக் கணக்கைத்தான் இன்று பலர் வைத்திருக்கும் ஆன்கி என்ற சொல்-அட்டைச் செயலி நெடுங்காலம் அடிப்படையாகக் கொண்டிருந்தது.

அந்தக் கணக்கைக் காகித அட்டையிலேயே செய்யலாம். இன்று படித்ததை 1 நாள் கழித்துப் பார்க்க வேண்டும். நினைவிருந்தால் அடுத்து 6 நாள் கழித்து. அதிலும் தேறினால் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரண்டரையால் பெருக்குங்கள்: 15 நாள், 38 நாள் என்று போகும். எங்கே மறந்ததோ, அந்த அட்டை மறுபடி 1 நாளுக்குத் திரும்பும். ஐந்து உறைகளில் தேதி எழுதிப் போட்டுவைத்தால் செயலியே தேவையில்லை. அறுபது வயதில் கைபேசியோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதுதான் முக்கியம். ‘கார்டு’ என்று ஒரு பக்கம், போலிஷ் சொல் மறுபக்கம் எழுதினால் வீண். “கார்டில் கட்டலாமா?” என்று போலிஷில் முழுதாக எழுதி, பின்பக்கம் ‘கேன் ஐ பே பை கார்டு?’ என்று எழுத வேண்டும். போலிஷில் நம் வேற்றுமை உருபு மாதிரி சொல்லின் வாலையே மாற்றி ‘கர்தோம்’ என்பார்கள், தனியாக ‘பை’ கிடையாது. அதனால் சொல்லை மட்டும் படித்தவர் கடையில் ‘பே கார்டு’ என்று நிற்பார். பஸ்ஸில், ரயிலில் என்பதற்கும் இதே ‘பை’தான். அட்டையைப் பார்க்கும் திசையும் போலிஷிலிருந்து ஆங்கிலத்துக்குத்தான் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் பார்த்தால் ‘தெரியும், தெரியும்’ என்று தோன்றும், பேசும்போது வராது.

முதல் இருநூறு அட்டைகள் அவர் வாழப்போகிற வாழ்க்கையிலிருந்து வரட்டும்: மருத்துவரிடம் நேரம் வாங்குவது, பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, பஸ் டிரைவரிடம் இறங்குமிடம் கேட்பது, புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்பது. விலங்குகள் பெயர், பழங்கள் பெயர் என்று பட்டியல் போட்டுத் தரும் புத்தகங்களைத் தள்ளி வையுங்கள். ஒரே வகைச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். ஆங்கிலத்தில் வரிக்குதிரையைப் பற்றிப் பேச அவருக்கு எப்போது நேரம் வரப்போகிறது?

கேள்வி: லண்டன் நண்பர் ஒருவர் ‘ஹாஃப் எய்ட்’ சாப்பிட வரச் சொன்னார். என் போலிஷ் கணவர் ஏழரைக்கே போய்க் கதவைத் தட்டினார்.
*வாசகி, கிடான்ஸ்க்*

பதில்: போலிஷில் ஏழரையை ‘எட்டுக்குப் பாதி’ என்பார்கள், ‘ஃபூவ் தோ ஊஸ்மெய்’. பிரிட்டிஷ் பேச்சில் ‘ஹாஃப் எய்ட்’ எட்டரை. சரியாக ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பது இதனால்தான். ‘செவன் தர்ட்டி’, ‘எய்ட் தர்ட்டி’ என்று சொல்லித் திருப்பிக் கேட்பது ஒன்றே மருந்து.

எண்களிலும் ஒரு குழி உண்டு. போலிஷ் ‘பிலியோன்’ ஒன்றுக்குப் பின் 12 சைபர். ஆங்கில ‘பில்லியன்’ 9 சைபர், அதற்குப் போலிஷில் ‘மிலியார்த்’. இரண்டரையை அங்கே காற்புள்ளி வைத்து 2,5 என்று எழுதுவார்கள். விலைப்பட்டியல் அனுப்புகிறவர்கள் இதை இருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: இணையவழியில் போலிஷ் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பையைச் (bag) சொல்கிறார்களா, முதுகைச் (back) சொல்கிறார்களா என்றே தெரியவில்லை. ‘த்ரீ’ என்பதற்கு ‘ஃப்ரீ’ என்கிறார்கள். எதை முதலில் திருத்துவது?
*ஆசிரியை, மதுரை*

பதில்: ‘த்ரீ’யை விடுங்கள். நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஊதும் ஒலியை மாதக்கணக்கில் பயிற்றுவித்து மாணவரைச் சோர்வடையச் செய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ‘ஃப்ரீ ஓ க்ளாக்’ என்றாலும் மணி மூன்று என்று புரிந்துவிடும்.

பைக்கும் முதுகுக்கும் உள்ள குழப்பம் அப்படியல்ல. போலிஷில், தொண்டை அதிர ஒலிக்கும் ஜி, டி, பி போன்ற மெய்கள் சொல்லின் கடைசியில் வந்தால் அந்த அதிர்வை இழந்துவிடும். ஜி எழுத்து (g) கே (k) ஆகும், டி எழுத்து (d) தகரமாகும் (t), பி எழுத்து (b) பகரமாகும் (p). தாய்மொழியில் அது விதி, அதனால் அவர்கள் காதுக்கே வித்தியாசம் எட்டாது. கட்டில் (bed) பந்தயமாகும் (bet), கண்கள் (eyes) பனிக்கட்டியாகும் (ice).

“கடைசி ஒலியை அழுத்திச் சொல்” என்றால் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டி ‘பேகு’ என்பார்கள். அது தப்பான வழி. ஆங்கிலேயர் காது பிடிப்பது கடைசி மெய்யை அல்ல, அதற்கு முன்னுள்ள உயிரின் நீளத்தை. பைக்கு உயிர் நீளம், முதுகுக்குக் குட்டை. மாணவரை மேசையில் விரலால் தட்டச் சொல்லுங்கள்: முதுகுக்கு ஒரு தட்டு, பைக்கு இரண்டு தட்டு நேரம் உயிரை இழுக்க வேண்டும். கடைசி மெய் முழுதாக அதிராவிட்டாலும் சொல் புரிந்துவிடும்.

அடுத்தது கப்பலும் ஆடும்: ‘ஷிப்’, ‘ஷீப்’. ஐ எழுத்தைப் போலிஷில் படிப்பது போல் படிப்பதால் இரண்டும் ஆடாகவே வரும். ஆனால் போலிஷில் ஒய் எழுத்துக்குள்ள ஒலி ஆங்கிலக் குறில் இகரத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. கப்பலை அவர்கள் எழுத்தில் ஒய் போட்டு எழுதிக்காட்டுங்கள், உடனே வரும். டபிள்யூ எழுத்தை வகரமாகப் படிப்பவர்களுக்கும் இதே வைத்தியம்: குறுக்குக் கோடு போட்ட போலிஷ் எல், ஆங்கில டபிள்யூவின் ஒலியேதான்.

அழுத்தம் மூன்றாவது. போலிஷில் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும், விலக்குகள் சொற்பம். ‘ஹோட்டல்’ என்பதில் முதல் அசையை அழுத்துவார்கள், ‘கம்ஃபர்டபிள்’ சொல்லும்போது ‘டே’ என்று ஓர் அசையைத் தூக்கிப் பிடிப்பார்கள். எழுத்துக்கெல்லாம் ஒலி உண்டு என்ற பழக்கத்தில் ‘சால்மன்’ மீனில் ஆங்கிலேயர் சொல்லாத ‘எல்’ எழுத்தையும் சொல்வார்கள். புதுச் சொல்லை எழுத்தில் காட்டும் முன் காதில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: விடுதியில் என் அறைத்தோழி “சார்ஜரை எனக்குப் பாரோ பண்ணு” என்கிறாள். ‘வெயிட் ஆன் மீ’, ‘ஐ ஹேவ் ட்வென்ட்டி இயர்ஸ்’ என்றும் சொல்கிறாள். மணிக்கணக்காகப் பேசுவாள், இது மட்டும் மாறவில்லை.
*மாணவி, கிராக்கோவ்*

பதில்: கடன் கொடுப்பதும் வாங்குவதும் போலிஷில் ஒரே வினை, ‘போஜிச்சிச்’. நமக்குக் ‘கொடு’, ‘வாங்கு’ இருப்பதால் இந்தக் குழப்பம் புரியாது. ‘லெண்ட்’ என்ற சொல்லையே இப்போதைக்கு மறக்கச் சொல்லுங்கள். ‘கேன் ஐ பாரோ’ என்று தன்னை எழுவாயாக வைத்துத் தொடங்கினால் தப்ப வழியே இல்லை. காத்திருக்கும் வினைக்கு அங்கே ‘நா’ என்ற முன்னிடைச்சொல் வரும், அதை ‘ஆன்’ என்று பெயர்க்கிறாள். வயதுக்குப் போலிஷில் ‘இருபது வருடம் என்னிடம் இருக்கிறது’ என்ற அமைப்பு. ‘ரோபிச்’ ஒன்றே ‘டூ’வும் ‘மேக்’கும் என்பதால் போட்டோவையும் ஷாப்பிங்கையும் ‘மேக்’ பண்ணுவாள்: ‘டேக் எ போட்டோ’, ‘டூ த ஷாப்பிங்’ என்று முழுத்தொடராகவே பழக வேண்டும். பணம், முடி, கதவு மூன்றும் அங்கே பன்மை. ‘மணி ஆர்’, ‘ஹேர்ஸ்’, ஒற்றைக் கதவுக்கு ‘டோர்ஸ்’ எல்லாம் அங்கிருந்து வருபவை.

“ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்” என்பதை மட்டும் அவள் நிகழ்காலத்தில் சொன்னால் கிண்டல் செய்யாதீர்கள். நாமும் அதே பிழையைத்தான் செய்கிறோம்.

கேள்வி: ‘எ’, ‘த’ எப்போது போடுவது என்று என் போலிஷ் சக ஊழியர் கேட்கிறார். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
*வாசகர், வார்சா*

பதில்: போலிஷிலும் அது கிடையாது, தமிழிலும் கிடையாது. ஆனால் இரண்டு மொழியும் அந்த வேலையைச் சொல்வரிசையால் செய்கின்றன. “மேசையில் புத்தகம் இருக்கிறது” என்றால் புத்தகம் புதுச் செய்தி. “புத்தகம் மேசையில் இருக்கிறது” என்றால் எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் தெரியும். போலிஷில் இதே விளையாட்டு: தெரிந்தது முன்னால், புதியது கடைசியில். ஆகவே அவரைப் போலிஷில் வாக்கியத்தை யோசிக்கச் சொல்லுங்கள். முன்னால் நிற்கும் பெயருக்கு ‘த’, கடைசியில் நிற்கும் ஒருமைப் பெயருக்கு ‘எ’. எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் அன்றாடப் பேச்சில் ஊகத்தைவிட எவ்வளவோ மேல். தொழிலைச் சொல்லும்போது மட்டும் ‘எ’வை விடவே கூடாது: ‘ஐ அம் இன்ஜினியர்’ என்பது உடனே காதில் உறுத்தும். மற்றவை காத்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் மேலாளர் போலிஷ் பெண். நேரில் அவ்வளவு மரியாதை, ஆங்கில மின்னஞ்சலில் மட்டும் “அறிக்கையை அனுப்பு, ப்ளீஸ்” என்று அதிகாரம் தூள் பறக்கிறது.
*வாசகர், வூச்*

பதில்: போலிஷில் மரியாதை ‘பான்’, ‘பானி’ என்ற சொற்களில் இருக்கிறது, நம் ‘நீங்கள்’ போல. அது இருந்துவிட்டால் வினை ஏவலாக இருந்தாலும் மரியாதை குறையாது. ஆங்கிலத்துக்கு வந்ததும் எல்லாரும் ‘யூ’ ஆகிவிட, மரியாதை கழன்று ஏவல் மட்டும் மிஞ்சுகிறது. ஏவலோடு ஒட்டிய ‘ப்ளீஸ்’ ஆங்கிலேயருக்குப் பொறுமையிழந்த குரலாகவே கேட்கும். ‘குட் யூ’ என்று கேள்வியாகத் தொடங்கினால் போதும். ‘ஐ வான்ட்’ இடத்தில் ‘ஐட் லைக்’.

கவனிக்க இன்னொன்று, ‘ஆஃப் கோர்ஸ்’. போலிஷில் ஆமாம் என்பதற்கு இதன் நேர்ச்சொல்லைப் பணிவாகச் சொல்வார்கள். “வங்கி திறந்திருக்கிறதா?” என்று கேட்டவரிடம் ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால், ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற தொனி வந்துவிடும். உதவி கேட்டால் சொல்லலாம், தகவல் கேட்டால் ‘யெஸ், இட் இஸ்’.

கேள்வி: படம் பார்த்து ஆங்கிலம் கற்கலாம் என்கிறார்கள். என் மாமனார் முப்பது வருடமாக ஹாலிவுட் படம் பார்க்கிறார், ஒரு வார்த்தை வரவில்லை!
*வாசகர், வார்சா*

பதில்: அவர் பார்த்தது ‘லெக்தோர்’ வைத்த படம். போலந்துத் தொலைக்காட்சியில் வேற்றுமொழிப் படங்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஆள், நாயகன் நாயகி வில்லன் எல்லாருடைய வசனத்தையும் உணர்ச்சியில்லாமல் போலிஷில் வாசிப்பார். மூல ஒலி அடியில் மெல்லக் கேட்கும். குழந்தைகள் படத்துக்கு மட்டும்தான் முறையான டப்பிங். பழகிய காது அடியில் ஓடும் ஆங்கிலத்தை இரைச்சலாகவே ஒதுக்கிவிடும்.

ஒலியை ஆங்கிலத்துக்கு மாற்றி மூன்று நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் திரையில் வசன எழுத்தே இல்லாமல், பிறகு ஆங்கில வசன எழுத்தோடு, மூன்றாவது முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி உரக்கத் திருப்பிச் சொல்லி. போலிஷ் வசன எழுத்து வேண்டாம், அது ஓடினால் கண் படிக்கும், காது மூடிக்கொள்ளும். சமையல், வீடு பழுதுபார்க்கும் நிகழ்ச்சிகள் தொடக்கத்துக்கு நல்லவை. பேசுவதும் கையில் செய்வதும் ஒன்றாக இருக்கும். துப்பறியும் தொடர் வேண்டாம், பாதி வசனம் முணுமுணுப்பு.